மாட்டின் இடத்தில் நாங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைக்காலம். தரமணிப் பக்கம் அப்போது பாதிக்கு மேல் வெட்டவெளிதான். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் இல்லத்தில் நான் நர்ஸாக இருந்தேன். மயிலாப்பூர் வீட்டிலிருந்து அடையாறு வரை பஸ், அப்புறம் நடை.

அந்த வருடம் இல்லத்துக் கிணறு வற்றிவிட்டது. தண்ணீர் லாரியை நம்ப முடியாது. எங்களிடம் இருந்தது ஒரு வெள்ளைக் காளையும், அது இழுக்கும் பீப்பாய் வண்டியும்தான். தூரத்துத் தோட்டக் கிணற்றிலிருந்து தண்ணீர், கடையிலிருந்து அரிசி, விறகு எல்லாம் அதில்தான் வரும்.

ஒரு நாள் காலை வண்டிக்காரர் தயங்கியபடி வந்து நின்றார்.

"மதர், மாட்டுக் குளம்புல ஆணி ஏறிக்கீது. சீழ் வச்சிகினு நிக்கவே முடியல. ரெண்டு தட்டு தட்டுனா ஒரு நடை வரும். இன்னா சொல்றீங்க?"

இல்லத்தை நடத்திய மதருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான உடம்பு. கொட்டகைக்குப் போய் மாட்டின் காலைப் பார்த்துவிட்டு வந்தார். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே பாதிப் பேர் படுத்த படுக்கை.

"அடிக்க வேண்டாம். மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. தண்ணி நாம இழுத்துட்டு வருவோம்" என்றார்.

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டியில் மாடு பூட்டும் இடத்தில் போய் நின்றார். பிறகு நாங்கள் எப்படிச் சும்மா இருப்பது? இரண்டு சிஸ்டர்கள், வண்டிக்காரர், நான்.

போகும்போது பாரம் தெரியவில்லை. நிரம்பிய பீப்பாயோடு திரும்பும்போது சக்கரம் மணலில் புதைந்தது. தோள் எரிந்தது. தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே கூச்சம். டீக்கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒரு ஆட்டோக்காரர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"நவுருங்க சிஸ்டர், நான் புடிக்கிறேன்."

அவரைப் பார்த்து இன்னும் இருவர் பின்னால் வந்து தள்ளினார்கள்.

இல்லம் வந்து சேர்ந்ததும் வாளியோடு வார்டுக்குள் போனேன். பக்கவாதத்தில் கிடந்த பெரியவர் ஒருவர், குளிப்பாட்டும் தண்ணீர் குறைந்தால் சத்தம் போடுவார். அன்று ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்திருக்கிறார்.

"ஒரு சொம்பு போதும்மா. தொடச்சு வுட்டுடு" என்றார். துணியை நனைத்துப் பிழிந்தேன்.

புண் ஆறும்வரை நாங்கள்தான் இழுத்தோம். சவாரி இல்லாத நேரங்களில் அந்த ஆட்டோக்காரரும் வந்தார். மாட்டைத் திரும்பப் பூட்டிய அன்று மதரும் கிணற்றடிக்கு வந்திருந்தார். வண்டிக்காரர் வழக்கம்போல் பீப்பாயை விளிம்புவரை நிரப்பப் போனார். மதர் தடுத்தார்.

"முக்கால் வரைக்கும் போதும். இன்னொரு நடை வந்துக்கலாம்."

ஏன் என்று வண்டிக்காரர் கேட்கவில்லை. எங்கள் எல்லாருடைய தோளிலும் காய்ப்பு விழுந்திருந்தது.

கருணை என்ற சொல்லை எங்கே கேட்டாலும், பீப்பாயின் மேல்பக்கத்தில் காலியாக விடப்பட்ட அந்தக் கால் பங்கு இடம்தான் இன்றும் எனக்கு நினைவுக்கு வருகிறது.