கடல் இல்லாத இட்லிக் கடை

கோதண்டராமன் பதினேழு வருடம் ஆப்பிரிக்காவில், கென்யா–உகாண்டா எல்லையில் இருக்கும் மலபா என்ற ஊரில் வேலை பார்த்தார். ஒரு குஜராத்தி கம்பெனியின் லாரிகளை எல்லை தாண்டி அனுப்பிவைப்பது வேலை. உகாண்டாவுக்குக் கடல் கிடையாது. கென்யாவின் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும். லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. இவருக்குச் சம்பளம் வந்தது. பிறகு பக்கத்து நாடுகள் கூடிப் பேசி, இரண்டு தரப்புச் சோதனையையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்வதென்று ஏற்பாடு செய்தன. வரிசை கரைந்தது. வேலையும் கரைந்தது. "ரொம்ப நல்ல திட்டம்" என்று சொல்லிக்கொண்டே சொந்த ஊரான அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். தன் சோற்றில் மண் போட்ட திட்டத்தை இவ்வளவு மனதாரப் பாராட்டுகிறவரை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் இல்லாதபோது குடும்ப இடத்தைப் பாகம் பிரித்திருந்தார்கள். கிரிவலப் பாதையை ஒட்டிய முன்பக்கம் பங்காளி அருணகிரிக்கு, பின்பக்கம் இவருக்கு. அருணகிரி டீக்கடை வைத்திருந்தான். இவர் பின்னால் பெஞ்சுகள் போட்டு இட்லிக் கடை தொடங்கினார். நடுவே அருணகிரி அடித்த தகரத் தடுப்பு. இட்லி எப்படி என்று சொல்ல, சாப்பிட்டவர்கள் யாரும் இல்லை.

மனைவி ஆதிலட்சுமி கெடு வைத்தாள். "இந்த பௌர்ணமியும் இப்டியே போச்சுன்னா எடத்த பிரசாத்துக்குக் குடுத்துடலாங்க. வெள்ளக்காரங்களுக்கு ரூம் கட்டணும்னு கேட்டுனே இருக்காரு."

கோதண்டராமன் அருணகிரியிடம் போனார்.

"நீ கென்யா. நான் உகாண்டா."

"இன்னாண்ணா, காலைலயே?"

"உங்கிட்ட ரோடு இருக்கு, எடம் கம்மி. ஜனம் நின்னுனே டீ குடிக்குது. எங்கிட்ட உக்கார எடம் இருக்கு, ரோடு இல்ல. தகரத்துல ரெண்டு வழி விடு. ஒன்னுல உள்ள வரட்டும், இன்னொன்னுல வெளிய போவட்டும்."

அருணகிரி யோசித்தான். "முதல்ல என் டீ. அப்புறம்தான் உன் இட்லி. சரியா?"

"கடல் வெச்சிருக்கவன் அப்டிதான் கேப்பான்" என்று கோதண்டராமன் ஒப்புக்கொண்டார்.

டீ அடுப்பு, நடந்து வருகிறவர்கள் கடைசியாக வந்து சேரும் கோடியில் இருந்தது. அதனால் அங்கே உள்ளே போகும் வழி; அவர்கள் ஏற்கெனவே தாண்டி வந்த கோடியில் வெளியே வரும் வழி. மலபாவில் பார்த்தது போலவே அம்புக்குறி போட்ட போர்டு இரண்டு.

பௌர்ணமி அன்று சாயங்காலம் கூட்டம் வந்தது. டீ குடித்தது. அம்புக்குறியைப் பார்த்தது. உள்ளே மட்டும் போகவில்லை. போர்டைத் தட்டித் தட்டிக் காட்டிய கோதண்டராமனிடம் ஒரு பெண் சொன்னாள்: "மலைய சோத்துக்கைப் பக்கம் வெச்சு சுத்தினு வரோங்க. உங்க இட்லிக்காக வந்த வழியே திரும்பி நடக்கணுமா? சுத்துனது இன்னாத்துக்கு ஆவும்?" ரமணாசிரமம் பக்கத்திலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர் உள்ளே கால் வைத்தார். கூட வந்த வெள்ளைக்காரி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

பங்காளிகள் இருவரும் இந்தப் பாதையிலேயே பிறந்தவர்கள்.

இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"போர்டைத் திருப்புடா" என்றார் கோதண்டராமன்.

"திருப்புனா உன் இட்லிதான் முதல்ல. துன்னுட்டு டீ வாணாம்னு போய்ட்டா?"

தகரத்துக்குப் பின்னாலிருந்து ஆதிலட்சுமியின் குரல் வந்தது. "ஏன் தம்பி, நீ டீ குடிச்சுட்டு இட்லி துன்னுவியா, இட்லி துன்னுட்டு டீ குடிப்பியா?"

அருணகிரியே இரண்டு போர்டையும் கழற்றி, இடம் மாற்றி மாட்டினான். கூட்டம் ஒரு கோடியில் நுழைந்து, உட்கார்ந்து சாப்பிட்டு, மறு கோடியில் டீ அடுப்பின் முன்னால் வெளியே வந்தது. எட்டு மணிக்குள் இங்கே மாவும் அங்கே பாலும் தீர்ந்தன.

மறுநாள் காலை இரண்டு வழியும் அடைபட்டிருந்தன. "பௌர்ணமிக்குனுதானே பேசுனோம்?" என்றான் அருணகிரி.

ஆதிலட்சுமி கணவனைப் பார்த்தாள்.

"அங்கயும் இப்டிதான்" என்றார் அவர். "தொறப்பாங்க, மொறச்சிக்கினு மூடுவாங்க, மறுபடி தொறப்பாங்க."

அவள் தகரத்தருகே போய்ப் பார்த்தாள். முன்பு வரிசையாக ஆணி இருந்த இடத்தில் இப்போது கட்டுக்கம்பி. கையாலேயே பிரிக்கலாம். திரும்பி வந்து போனை எடுத்தாள்.

"பிரசாத்துங்களா? ரூமுக்கு வேற எடம் பாத்துக்கோங்க."