கல்வெட்டுக்கு ஆகாத பாட்டுக்காரர்கள்

என் கூட்டாளி செத்து முப்பத்தோராம் நாள், மண்டப வாசலில் ஒரு சின்னப் புத்தகத்தை என் கையில் தந்தார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். செத்தவரின் படம், பதிகம், வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் போட்டு அன்றைக்கு வருகிற சனத்துக்குக் கொடுப்பது யாழ்ப்பாணத்து ஆட்களின் வழமை. மொன்றியலுக்கு வந்தும் அதை விடவில்லை. 'நண்பரின் நினைவில்' என்ற பக்கத்தைத் தேடித் திறந்தேன். 'கர்நாடக இசையில் ஊறித் திளைத்த ரசிகர்' என்று இருந்தது. அடியில் என் பெயர். அப்படி ஒரு வசனத்தை நான் எழுதவேயில்லை.

நான் எழுதியது ஒரு இங்கிலீஷ் மியூசிக் பாண்டைப் பற்றி.

இந்த நகரத்துக்கு வந்த புதிதில் நாங்கள் இருவரும் ஒரு ரெஸ்ரோரன்ரின் நிலவறையில் கோப்பை கழுவினோம். மேலே பாட்டு மண்டபம். ஒருநாள் எங்கள் தலைக்கு மேல் முகடு அதிர்ந்தது. கட்டடம் விழப்போகிறது என்று நான் வெளியே ஓடும் வழியைப் பார்த்தேன். அவனோ ஈர ஏப்ரனோடு மேலே ஓடிவிட்டுத் திரும்பி வந்தான்.

"மச்சான், மேலை அம்பயர் ஒருத்தன் நிண்டு பாடுறான். வாடா."

"முதலாளி கண்டா வேலை போயிடுமடா."

"போனாப் போகுது. அம்பயரடா."

உண்மைதான். பாடகன் கிரிக்கெட் அம்பயரின் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தான். கிட்டார்க்காரன் காலில், துடுப்பாட்டக்காரர் பந்தடி படாமல் கட்டுகிற பாட் கட்டியிருந்தான். பக்கத்தில் ஒருத்தன் பழைய தேவாலய ஓர்கன் ஒன்றைச் சண்டைக்குப் போகிறவன் போல அடித்தான். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் பாடகன் கூட்டத்தில் யாரையாவது பார்த்து ஒரு விரலைத் தூக்குவான். அவுட் என்று அர்த்தம். மொன்றியல் சனம் அதை 'முதலாம் இடம்' என்று எண்ணித் தாங்களும் விரலைத் தூக்கிக் கத்தியது. அந்த மண்டபத்தில் பகிடி விளங்கியது கோப்பை கழுவ வந்த எங்கள் இருவருக்கும்தான். அவன் சிரித்துச் சிரித்துச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். இந்த நாட்டில் அவன் அப்படிச் சிரித்து அதுவரை நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு அவன் அந்த பாண்டை விடவில்லை. இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்கினான். அவர்களைப் பற்றி வந்த செய்திகளை எனக்குச் சொந்தக்காரரின் கதை போலச் சொல்லுவான். பஸ்ஸில் தொலைந்த குடையைப் பற்றி அவர்கள் பாடிய ஒரு பாட்டு இங்கிலாந்து ரேடியோவில் நன்றாகப் போயிருந்தது. இசைத்தட்டுக் கம்பெனி இன்னொரு குடைப் பாட்டுக் கேட்டது. இவர்கள் தட்டின் ஒரு பக்கம் முழுக்க மழை பெய்யும் சத்தத்தைப் பதிந்து அனுப்பினார்கள். கம்பெனி அவர்களைக் கழற்றி விட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஒருத்தன் தனக்குப் பிடித்ததைச் செய்தால் போதும், திருத்துவதற்கு ஒரு மேசையும் ஒரு ஆளும் எங்கிருந்தோ வந்துவிடும்.

இரண்டாம் முறை அவர்கள் வந்தபோது மண்டபம் பாதிதான் நிரம்பியது. டிரம்ஸ் அடித்தவர் விலகி பஸ் ஓட்டப் போயிருந்தார். பாடகனும் கிட்டார்க்காரனும் பேச்சுவார்த்தை இல்லாமல், ஒரே மேடையில் ஆளுக்கொரு பாட்டைத் தொடங்கினார்கள். சனம் கூக்காட்டியது. என் கூட்டாளி மட்டும் கடைசிவரை நின்று கைதட்டினான். பிறகு பாண்ட் உடைந்தது. பல வருஷமாக ஒரு சத்தமும் இல்லை.

அவன் சாவதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் கடைசிச் சுற்று என்று அறிவித்துக்கொண்டு வந்தார்கள். பாடகனும் ஓர்கன்காரனும்தான் மிச்சம், இருவரும் கிழவர்கள். என் கூட்டாளி அப்போது கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினில் படுத்திருந்தான். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். லிஃப்ட் வேலை செய்யுமா, நெருப்புப் பிடித்தால் எப்படி இறக்குவேன், அவனுக்கு மயக்கம் வந்தால் பிரெஞ்சில் யாரிடம் என்ன சொல்லுவேன் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு தள்ளினேன். அவன் குடைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

கடைசிப் பாட்டு முடிந்து பாடகன் விரலைத் தூக்கியது இவனைப் பார்த்து. இவன் தலையாட்டி மறுத்தான். பந்து முதலில் மட்டையில் பட்டது, அவுட் இல்லை என்று கையால் காட்டினான். கிழவன் மேடை விளிம்புக்கு வந்து குனிந்து உற்றுப் பார்த்தான். பிறகு கைகளைக் குறுக்கே போட்டு இரண்டு தோள்களையும் தொட்டான். கொடுத்த தீர்ப்பை அம்பயர் திருப்பி எடுக்கிற சைகை அது. இவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த மாரிக் குளிரில் செத்துப் போனான்.

இதைத்தான் எழுதினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு பக்கம் எழுதப் பல நாள் எடுத்தது. பிழை இருக்குமோ, சனம் சிரிக்குமோ என்று பயந்து, அவனுடைய மனைவியின் தமையனிடம் திருத்தக் கொடுத்தேன். அவர் ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். கல்வெட்டு அச்சடிக்கிற பொறுப்பும் அவருடையது.

அவரை மண்டபத்துக் குசினியில் பிடித்தேன். வடைத் தட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றார்.

"அதிபர், நான் எழுதினது எங்கை?"

"திருத்தினனான்."

"திருத்தினதோ? என்ரை பேரைத் தவிர அதிலை என்ரை ஒண்டும் இல்லை."

"கோவிக்காதையும் தம்பி. கல்வெட்டு எண்டது நாலு பேர் வாசிக்கிறது. வெள்ளைக்காரன் ஒருத்தன் கோட்டுப் போட்டுக்கொண்டு கத்தினவன், இவர் கைதட்டினவர் எண்டு அதிலை போடேலுமே?"

"அவன் எப்ப கர்நாடக சங்கீதம் கேட்டவன்?"

"எல்லாற்றை கல்வெட்டிலையும் அப்பிடித்தான் போடுறது."

"அப்ப நாளைக்கு என்ரையிலையும் போடுவியளோ?"

"நீர் முதல் செத்துப் பாரும்."

சாம்பார் வாளியோடு நின்ற பெடியன் சிரித்தான். எனக்குக் காது சுட்டது. அதற்குள் கூட்டாளியின் மனைவி குசினிக்குள் வந்துவிட்டாள். நான் புத்தகத்தை அவளிடம் நீட்டினேன். துக்கத்தில் அவள் அதை அதுவரை திறந்தும் பார்க்கவில்லை. நின்றபடியே வாசித்தாள்.

"இது ஆரைப் பற்றி, பெரியண்ணை?"

"என்ன கேள்வி பிள்ளை. அவரைப் பற்றித்தான்."

"அவர் சங்கீதக் கச்சேரியிலை எப்பவாவது முழிச்சிருந்தவரோ? குறட்டை விட்டு என்ரை மானத்தை வாங்கினவர். பிள்ளையளை அந்தக் குடைப் பாட்டுப் பாடித்தான் நித்திரையாக்கினவர். அதை ஏன் வெட்டினனீங்கள்?"

"மதிப்பாய் இருக்கட்டும் எண்டுதான்."

"மிச்சத்தைக் குடுக்க வேண்டாம். பெட்டியளைத் திருப்பிக் காரிலை ஏத்துங்கோ."

"சனம் என்ன சொல்லும்?"

"சனம் சாப்பிட்டிட்டுப் போகும்."

பெட்டிகள் காருக்குப் போயின. ஆனாலும் என் கோபம் தணியவில்லை. முதலில் வந்தவர்களின் கைக்குப் புத்தகம் போய்விட்டது. அவர்கள் அதைக் கொண்டுபோய் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அந்த வீடுகளில் அவன் என்றைக்கும் ஒரு சங்கீத ரசிகன். அதிபர் சொன்னது பொய் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? அவருக்கு அவன்மேல் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அன்பாகத்தான் அவனை அழித்தார்.

போன கிழமை அவனுடைய மனைவி போன் எடுத்தாள். "அண்ணை, ஆட்டைத் திவசத்துக்கு உங்கடை பக்கத்தை நானே அச்சடிச்சுக் குடுக்கிறன். திருப்பி எழுதித் தாங்கோ." வருஷம் முடிகிற அந்த நாள் நெருங்குகிறது. முதல் எழுதிய தாளை அதிபர் எறிந்துவிட்டார். வேறு பிரதி என்னிடம் இல்லை. நேற்று குசினி மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தபோது அவரே போன் அடித்தார்.

"எழுதுறீராம் எண்டு தங்கச்சி சொன்னவ. எழுதி முடிய அனுப்பும், பிழை பாத்துத் தாறன்."

"வேண்டாம்."

"உம்மடை நன்மைக்குத்தான் சொல்லுறன். பிறகு சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும், அதிபர். அந்த பாண்ட் சனம் சிரிக்கத்தானே மேடை ஏறினது."

போனை வைத்தேன். விட்ட வரியிலிருந்து எழுதத் தொடங்கினேன். அவர் திரும்பவும் அடித்தார். எடுக்கவில்லை.