லேஞ்சி போட்ட இடம்

பாலாவிச் சந்தியில் பஸ் வந்து நிற்பதற்கு முன்பே, ஜன்னல் வழியாக ஒரு லேஞ்சி உள்ளே போய் விழும். அந்தக் கைக்குட்டை விழுந்த சீட், போட்டவருக்குச் சொந்தம். எவ்வளவு பெரிய மனிதர் முதலில் ஏறினாலும் அதை எடுத்துவிட்டு உட்காரமாட்டார். முணுமுணுத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்பார். என் கணவர் இந்த வேலையில் கெட்டிக்காரர். கல்பிட்டியில் இருக்கும் என் உம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் இடம் பிடித்துத் தருவார். அவரிடம் இருந்தது ஒரே லேஞ்சி. ஆகையால் அவர் நின்றுகொண்டே வருவார்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளம் களப்பு என்னும் உப்பு ஏரியின் ஓரத்தில் எங்களுக்கு இரண்டு இறால் குளங்கள் இருந்தன, பெரியது ஒன்று, சிறியது ஒன்று. அந்தக் காற்றின் உப்பு மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. தண்ணீரைக் கலக்கும் சக்கரங்கள் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கத்திக் கத்தியே எனக்கு இந்தப் பெரிய குரல் வந்தது. "பிறக்கும்போதே கொண்டுவந்தது" என்று அவர் சொல்வார், நம்பவேண்டாம்.

அதற்கு முன் இறால் வளர்த்த தடவை வெள்ளைப்புள்ளி நோய் வந்து எல்லா இறாலும் செத்துப் போயிருந்தது. அவருடைய மச்சான் ஒருவர் கட்டாரில் சாரதி வேலைக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மெடிக்கல் முடிந்துவிட்டது. கொழும்பு ஏஜென்ட் இவருடைய பதிலுக்குக் காத்திருந்தார்.

"இந்தத் தடவையும் செத்தா நான் போறன் புள்ள" என்றார் அவர். "ஒரு குளமாவது தப்பினா போகல்ல. சத்தியம்."

தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த துணியோடு இங்கே வந்த குடும்பத்தின் பிள்ளை அவர். முகாமில் வளர்ந்தவர். இடம் விட்டு இடம் போவது அவருக்குப் பழகியிருக்கும் என்று ஊரில் நினைத்தார்கள். பயணப்பையைப் பார்த்தாலே அவர் முகம் கறுப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் போய்விடக்கூடாது. அந்த வருடம் முழுவதும் தொழுகையில் கேட்க எனக்கு வேறு துஆ இருக்கவில்லை.

பெரிய குளத்து இறால் நன்றாக வளர்ந்தது. சின்னக் குளத்துக்கு வேறொரு இடத்தில் மிஞ்சிய குஞ்சுகளை மலிவாக வாங்கி விட்டிருந்தோம். அவை தின்றன, நீந்தின, வளரத்தான் இல்லை. சிலவற்றுக்குத் தலையில் இருக்கும் முள் வளைந்திருந்தது. பண்ணைகளுக்கு வந்துபோகும் கடற்றொழில் இலாகா மிஸ் கொஞ்சத்தை எடுத்துப்போய்ப் பரிசோதித்துவிட்டு வந்து சொன்னார். இதுவும் ஒரு வைரஸ்தான்; கொல்லாது, குள்ளமாக்கும். சிலாபத்துச் சிங்களப் பிள்ளை. தமிழை மெதுவாக, ஆனால் பிழையில்லாமல் பேசுவார்.

"குளத்த இறைச்சிட்டுப் புதுசா விடுவம். இதுகளுக்குத் தீன் போடுறது வீண்" என்றார் கணவர்.

"அல்லாஹ் தந்த உசிர் இருக்கட்டும்" என்று நான் சண்டைக்கு நின்றேன். உண்மை அதுவல்ல. குளத்தில் இறால் இருக்கும்வரை சொந்தக்காரன் அதை விட்டு நகரமாட்டான். இது எங்கள் பக்கத்து வழக்கம். பெரிய குளத்து இறாலைச் சீக்கிரம் பிடித்து விற்றுவிடுவோம். குள்ளன்களோ இந்த வேகத்தில் வளர்ந்தால் இன்னும் எத்தனையோ காலம் கிடக்கும். அவரைக் கட்டிப்போட எனக்கு ஒரு கயிறு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நாள் முழுக்கச் சண்டை பிடித்து வென்றேன்.

பிறகுதான் பக்கத்துப் பண்ணையில் நோய் என்று கதை வந்தது. ஒரு காலையில் எங்கள் பெரிய குளத்தில் தண்ணீருக்குள் இறக்கிவைத்த தீன் தட்டைத் தூக்கினேன். போட்ட தீன் போட்டபடியே கிடந்தது. இறால்கள் கரையோரமாக வந்து தள்ளாடின. அவர் ஒன்றைப் பிடித்து, தலை ஓட்டை உரித்து வெயிலுக்கு நேரே பிடித்தார். சுண்ணாம்பு தெறித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள். மதகை இறுக அடைத்துவிட்டு, மருந்து மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

சில நாட்களில் பெரிய குளம் முழுதும் செத்தது. அதற்குள் காகங்கள் வந்துவிட்டன. செத்ததைக் கொத்திக்கொண்டு பறந்து, பாதியைச் சின்னக் குளத்தில் போட்டன. குள்ளன்கள் ஓடிவந்து அதைத் தின்றதை என் கண்ணால் பார்த்தேன். அது போதாதென்று இரண்டு குளத்துக்கும் ஒரே தீன் தட்டைத்தான் நாங்கள் அதுவரை புழங்கியிருந்தோம். இன்னொரு தட்டு வாங்கச் சோம்பல். "சரி, இதுவும் போச்சு" என்றார் அவர். பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினார்.

நான் தினமும் விடிந்ததும் சின்னக் குளத்துக்கு ஓடினேன். தட்டைத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். தட்டு காலியாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. சில செத்து ஒதுங்கின, இல்லையென்று சொல்லமாட்டேன். மற்றவை பசியோடு திரிந்தன. பக்கத்துப் பண்ணைகளில் சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோக, எங்கள் குள்ளன்களின் சக்கரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மிஸ் வந்தபோது கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, காரணம் கேட்டேன்.

"வைரஸ் சும்மா உள்ள போக ஏலாது அக்கா" என்றார் அவர். "இறால் உடம்புச் செல்லுக்கு வெளியே அது பிடிக்கிறதுக்கு என்று இடம் இருக்கு. அந்த இடத்தில பிடிச்சாத்தான் உள்ள போகலாம். சில நேரம் ரெண்டு வைரசுக்கும் ஒரே இடம். முதல்ல வந்தது பிடிச்சிட்டா, பிறகு வாறதுக்கு இடம் இல்ல."

நான் அவரை முடிக்க விடவில்லை. "அப்ப குள்ளமாக்கிற வைரஸ் லேஞ்சி போட்டு வெச்சிட்டு. கொல்லுற வைரஸ் வந்து கம்பியப் பிடிச்சிட்டு நிக்கிது."

மிஸ் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. "ஓம் அக்கா. ஆனா அது ஒரு யோசனைதான். இந்தக் குளத்தில அதுதான் நடந்தது என்று நான் சொல்லமாட்டன். வேற காரணமும் இருக்கலாம்."

எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

கடைசியில் குள்ளன்களைப் பிடித்தோம். லொறிக்காரர் கூடைக்குள் எட்டிப்பார்த்து, "இது என்ன, இறாலா கூனியா?" என்று கேட்டார். காயவைத்து விற்கும் பொடி இறாலைத்தான் கூனி என்போம். புத்தளம் சந்தையில் கூறு வைத்து விற்றோம். மிச்சத்தை நாங்களே தின்றோம். பொரித்து, சுண்டி, சம்பலாக்கி, பிள்ளைகள் இறால் என்றாலே ஓடும்வரை தின்றோம். இவ்வளவு ருசியான இறாலை அதற்குப் பிறகு நான் தின்றதில்லை. ஆனால் பெரிய குளத்தின் நட்டத்துக்கு இது எந்த மூலைக்கு? சத்தியத்தைச் சொல்லி அவரை மறித்துவைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

"நீங்க சத்தியம் பண்ணினது பெரிய குளத்த நெனச்சு" என்றேன் அன்று பகல், மீன் வெட்டிக்கொண்டே. "கூனிக் குளத்தக் கணக்கில எடுக்கத் தேவல்ல. போறதெண்டாப் போங்க." வெட்டுவதை நிறுத்தாமல் குனிந்துகொண்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஏஜென்ட்தான். உள்ளே போய்ப் பேசாமல், என் முன்னாலேயே நின்று பேசினார்.

"அந்த சீட்ட வேற ஆளுக்குக் குடுங்க" என்றார். "இல்ல, காசுப் பிரச்சினை இல்ல. எனக்கு இஞ்ச இடமிருக்கு. லேஞ்சி போட்டாச்சு."

அந்தப் பக்கம் ஏஜென்டுக்கு என்ன விளங்கியதோ. கணவர் போனை வைத்துவிட்டுப் பலகையை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அழுதேன், செதில் ஒட்டிய கையால் முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை. அடுத்த மாதமே புத்தளத்திலேயே உப்பு லொறி ஓட்டப் போனார். அந்தக் குளங்களும் பிறகு கைமாறிப் போயின. ஆனால் அன்றைய பகல் எனக்கு அப்படியே இருக்கிறது. எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு எப்போதும் நின்றுகொண்டே வந்த மனிதர், அன்றுதான் தனக்கென்று ஓரிடத்தைப் பிடித்து உட்கார்ந்தார்.