மட்கார்டில் என் பேர்

எங்கள் அப்பா செத்துப் பதினோரு வருஷமாகிறது. இத்தாலியில் அவருக்கு இன்னும் கரண்ட் பில் வந்துகொண்டிருக்கிறது.

நான் பொலோஞ்ஞா நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். பேர் திலகவதி. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அப்பாவின் பேரான துரைசாமி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த ஊர்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் மட்டும் இருந்தால் போதும். தபால் பெட்டியில் துரைசாமி, அழைப்பு மணியில் துரைசாமி, வேலைக்குப் போடும் சட்டையில் துரைசாமி. ஆரம்பத்தில் நான் விடவில்லை. "அது என் அப்பா பேர். நான் திலகவதி" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நல்லது, சிஞ்ஞோரா துரைசாமி" என்பார்கள். சிஞ்ஞோரா என்றால் அம்மணி. அட போங்கப்பா என்று விட்டுவிட்டேன். அந்நியர்கள் மேல் எத்தனை நாள் கோபப்படுவது? கோபத்தைச் சொந்தக்காரர்களுக்காகச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதைக் கொஞ்சம் ஆறிய பிறகு எழுதலாம் என்று ஒரு வருஷம் பொறுத்திருந்தேன். ஆறவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு செங்கல்பட்டில். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் டெக்னீசியன் வேலை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஸ்டாஃப் பஸ்ஸில் போவார்கள். அப்பா மட்டும் இத்தாலி வண்டியில் போவார். மாமல்லபுரத்தில் சிற்ப வேலை கற்றுக்கொள்ள வந்து மூன்று வருஷம் தங்கியிருந்த ஓர் இத்தாலிக்காரன், ஊருக்குத் திரும்பும்போது, வரி கட்டிய காகிதங்களோடு முறையாக அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் அது. இருநூற்றைம்பது சிசி. சிவப்புப் பெட்ரோல் டேங்க். தெருமுனையில் வரும்போதே அம்மா அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள், அவ்வளவு சத்தம். அப்போது எனக்கு நான்கு வயது. வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே அப்பா ஒரு மெல்லிய தூரிகையை எடுத்து, பின்பக்க மட்கார்டில் வெள்ளை எனாமல் பெயிண்டால் 'திலகா' என்று எழுதினார். கடைசித் துணைக்காலை இழுக்கும்போது தூரிகை வழுக்கி, அது கொஞ்சம் கோணிக்கொண்டு போனது. நம் ஊரில் லாரியானாலும் சரி, ஆட்டோவானாலும் சரி, பிள்ளைகள் பேர் எழுதாத வண்டி ஏது? அடுத்த மூன்று வருஷத்தில் தம்பி சேகர் பிறந்தான். கீழே இடம் இருந்தது. அப்பா ஏனோ எழுதவில்லை. சோம்பல்தான், வேறொன்றுமில்லை. அந்த வண்டியில்தான் நான் திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். உதைத்து ஸ்டார்ட் செய்யத் தெரியாமல் முழங்காலில் வாங்கிய அடி மழைக்காலத்தில் இன்றைக்கும் வலிக்கும்.

அப்பா போனபிறகு, வண்டியைப் பார்க்கப் பார்க்க அழுகை வருகிறது என்று அம்மா அதைக் கருங்குழியில் ஒரு அரிசி மில்காரருக்கு விற்றுவிட்டாள். அடுத்த வருஷம் நான் இங்கே வந்துவிட்டேன். வந்து மூன்று மாதத்தில் சேகரிடமிருந்து கடிதம். மழை, மாமா வீட்டுக் கல்யாணம், அம்மாவின் சுகர் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: 'ரேஷன் கார்டில் உன் பேரை நீக்கிவிட்டோம், தப்பாக நினைக்காதே.' கல்யாணமாகிப் போகிற பெண்ணின் பேரை நீக்குவார்கள், தெரியும். நான் கல்யாணமா பண்ணிக்கொண்டு போனேன்? வேலைக்குத்தானே போனேன்? அந்த வேலையில்தானே பிறகு வீட்டுக்கு மாடி எழும்பியது? துபாய் போன பக்கத்து வீட்டுப் பையனின் பேர் அவர்கள் கார்டில் இன்றுவரை இருக்கிறது. என் பங்குச் சர்க்கரை போகுமே என்றுகூட யோசிக்காமல் அடித்துவிட்டார்கள். ஆனாலும் 'பரவாயில்லை' என்று பதில் போட்டேன். அந்தப் 'பரவாயில்லை'யை எழுதியிருக்கக் கூடாது.

இரண்டாயிரத்து இரண்டில் லீவுக்குப் போனபோது அந்த வண்டியைத் திரும்ப வாங்கிவிடுவது என்று முடிவு பண்ணினேன். மில் கொட்டகையில் தவிட்டுக்குள் புதைந்து நின்றது. துருப்பிடித்து, சீட் கிழிந்து, கார்புரேட்டர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. மட்கார்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். 'திலகா' அப்படியே இருந்தது. மில்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வூட்ல ஆம்பளைங்க யாரும் வர்லியாம்மா?" என்றார். மறுநாள் சேகரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சேகரிடமே பேசினார், சேகரிடமே காபி நீட்டினார், பேர் எழுதாத மாற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு அதையும் சேகரிடமே கொடுத்தார். நம் பக்கத்தில் வண்டி கை மாறுவது அப்படித்தான். விற்றவர் வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவார், வாங்கினவர் எப்போதாவது நிரப்பிக்கொள்வார். லீவு முடிந்து நான் விமானம் ஏறினேன். ஃபாரம் தம்பியிடம், வண்டி செங்கல்பட்டு மெக்கானிக் ஏழுமலையிடம்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. இங்கே பழைய வண்டிச் சாமான்களுக்கென்றே சந்தை கூடும். ரயிலேறிப் போவேன். கார்புரேட்டர், பிஸ்டன் ரிங், கிளட்ச் தட்டு, ஹெட்லைட் வளையம் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பார்சல் பண்ணுவேன். ஒரு சந்தையில் ஒரு கிழவர், "கணவருக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். "பிராவா!" என்று சின்னப் பிள்ளைக்குக் கை தட்டுகிற மாதிரி தட்டினார். கடுப்போடு வண்டியின் புகைப்படத்தைக் காட்டினேன். மட்கார்டு எழுத்தை விரலால் தொட்டு, எந்தக் கம்பெனியின் முத்திரை இது என்று கேட்டார். என் பேர் என்றேன். அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. எதை வேண்டுமானாலும் மாற்று, இதன்மேல் பெயிண்ட் மட்டும் அடிக்காதே, துருவோடு இருந்தாலும் இருக்கட்டும் என்று இரண்டு முறை சொன்னார். சம்பந்தமே இல்லாத ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு அது புரிந்தது. அன்று சாயங்காலமே சேகருக்கு ஃபோன் போட்டேன். "டேங்க் பெயிண்ட் அடி, சீட்டு மாத்து, இன்னா வேணா பண்ணு. மட்கார்டுல மட்டும் கை வைக்காதடா." "சரிக்கா" என்றான். அடுத்த மாதமும் சொன்னேன். "சரிக்கா சரிக்கா." மூன்றாவது தடவை, "எத்தினி வாட்டிக்கா சொல்லுவ? வண்டி உன் பேருக்கு மாத்தற வேலையும் நான் பாத்துக்கறேன், நீ பேஜார் பண்ணாத" என்றான்.

பொங்கலுக்குப் போய் இறங்கினேன். வாசலில் பந்தல் மாதிரி துணி கட்டி, அதன் கீழே வண்டியை நிறுத்தியிருந்தான். மாலை, சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பளபளவென்று புதுச் சிவப்பு. பார்த்தவுடன் எனக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். புத்தம்புது மட்கார்டு. அதில் ரேடியம் ஸ்டிக்கரில் மின்னிக்கொண்டிருந்தது: 'ஹரிஷ் – ஹரிணி.' அவன் பிள்ளைகள்.

"பழசு எங்கடா?"

"அது துருக்கா. ஏழுமலை கடையில கெடக்குது. புதுசுதான் கெத்தா கீதுல்ல?"

பிள்ளைகள் இரண்டும் அத்தை அத்தை என்று காலைக் கட்டிக்கொண்டு நின்றன. அதுகள் எதிரில் என்ன கத்துவது? முழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மூன்றாவது உதையில் பிடித்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சத்தம் சீராகிவிட்டது. ஏழுமலை கைகாரன்தான், இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடல் காற்று முகத்தில் அடிக்க அடிக்கக் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஸ்டிக்கர்தானே, உரித்துவிடலாம், ஏழுமலையிடம் பழைய மட்கார்டை வாங்கி மாட்டச் சொல்லலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். மாமல்லபுரத்துக்குள் நுழையும் இடத்தில் போலீஸ்காரர் கை காட்டினார்.

"இன்னாமா, இம்மாம் பெரிய வண்டி ஓட்டிகினு வர்ற? யாரு வண்டி?"

"என் வண்டிதாங்க."

"புக்கு காமி."

சீட்டுக்கடியிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு எடுத்துப் பெருமையாக நீட்டினேன். அவர் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"சேகர்னு கீது. வூட்டுக்காரரா?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். து. சேகர். செங்கல்பட்டு வீட்டு விலாசம். முத்திரை எல்லாம் அழகாக இருந்தது.

"தம்பி" என்றேன்.

"அப்ப தம்பி வண்டின்னு சொல்லு. உன் வண்டின்ற? திருட்டு வண்டியான்னு நான் சந்தேகப்பட மாட்டனா? சொல்லு, யாரு வண்டி?"

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். "தம்பி வண்டிங்க." அந்த ஆள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் படித்ததைத்தான் கேட்டார். என்னை அதைச் சொல்ல வைத்தது எங்கள் வீடு.

கடலைப் பார்க்காமலே திரும்பினேன். வீட்டுக் கூடத்தில் சேகர் முன்னால் புத்தகத்தைப் போட்டேன். அவன் ஒன்றும் பதறவில்லை.

"அட்ரஸ் ப்ரூஃப் கேக்கறாங்கக்கா. உன் பாஸ்போர்ட்ல இத்தாலி அட்ரஸ் கீது. ரேஷன் கார்டுல உன் பேரு இல்ல. நான் இன்னா பண்றது?"

"ரேஷன் கார்டுல என் பேர யாருடா எடுத்தது?"

அம்மா உள்ளேயிருந்து வந்து, "தம்பி பேர்ல இருந்தா இன்னாடி? வூட்டுலதான கீது? நீ இன்னா தெனமும் வந்து ஓட்டவா போற?" என்றாள். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கத்தினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். ரேஷன் கார்டு, வண்டி, மட்கார்டு, இன்னும் எதில் என் பேர் பாக்கி, அதையும் சுரண்டிவிடுங்கள் என்றேன். சேகர் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"அப்பா உன் பேர மட்டுந்தான எழுதனாரு? கீழ எடம் இருந்திச்சு. என் பேர எழுதுனாரா? நாயித்துக்கெழமைதோறும் வண்டியத் தொடச்சது நானு. உன் பேரத்தான் தொடச்சிகினு இருந்தேன்."

அவன் குரல் உடைந்துவிட்டது. முப்பது வயது ஆள். ஆனால் அதற்காக என் கோபம் சரியென்று எழுந்து போய்விடவில்லை. எழுதாமல் விட்டது அப்பா. அழித்தது இவன். இரண்டும் ஒன்றா?

ஏழுமலை கடைக்கு நடந்தே போனேன். பட்டறை மூலையில் என் மட்கார்டு மல்லாந்து கிடந்தது. அதன் குழிவில் மண்ணெண்ணெய் ஊற்றி, நட்டு போல்ட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தொரசாமி சார் பொண்ணா? வாம்மா. இத தட்டி நிமுத்தி மாட்டிடலாம், நல்ல தகடுன்னு நான் சொன்னேன்மா. உன் தம்பிதான் புத்சு போடுன்னாரு." எண்ணெயைக் கொட்டிவிட்டுத் திருப்பிக் காட்டினார். எண்ணெய் வழிந்து வழிந்து ஊறியதாலோ என்னவோ, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கோணிய கால் உட்பட அப்படியே இருந்தது. "மாட்டித் தரவா?" என்றார்.

சேகர் பேரில் இருக்கிற வண்டியில், நான் விமானம் ஏறியதும் கழற்றப்போகிற மட்கார்டு. வேண்டாம் என்றேன். பழைய போர்வையில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். மீனம்பாக்கத்தில் பெட்டி போடுகிற இடத்தில் அது என்ன என்று கேட்டார்கள். வண்டி சாமான் என்றேன். ஒன்றரை வருஷம் இங்கிருந்து அங்கே சாமான் அனுப்பியவள், கடைசியில் அங்கிருந்து ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது அது என் மூன்றாவது மாடி பால்கனிக் கம்பியில், எழுத்து தெருப்பக்கம் தெரிகிற மாதிரி, கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருக்கிறது. செங்கல்பட்டில் வண்டி நன்றாக ஓடுகிறதாம். ஆயுத பூஜைக்கு மாலை போட்டு எடுத்த படத்தைச் சேகர் அனுப்பியிருந்தான். படம் அழகாகத்தான் இருந்தது. இந்தத் தெருவில் என் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. தபால்காரர் அதன் கீழே நின்றுதான் துரைசாமிக்கு வந்த கடிதங்களைப் பெட்டியில் போடுகிறார்.

போன வாரம் நல்ல மழை. கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து கதவைத் தட்டினார். தகட்டிலிருந்து துருத் தண்ணீர் சொட்டி, காயப்போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பெல்லாம் கறையாகிவிட்டது என்று கொண்டுவந்து காட்டினார். "சிஞ்ஞோரா துரைசாமி, அந்தக் குப்பையைத் தயவுசெய்து உள்ளே எடுங்கள்." அது குப்பை இல்லை, என் பேர் என்றேன். அவர் என் கதவைப் பார்த்தார். உங்கள் பேர் இங்கே இருக்கிறதே என்று அழைப்பு மணியிலிருந்த துரைசாமியைத் தொட்டுக் காட்டினார். மறுபடி முதலிலிருந்து விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. விரிப்பை வாங்கித் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். மழை வந்தால் உங்கள் துணியை நீங்கள் உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். என் பேரை நான் எடுக்கமாட்டேன்.