பெரியப்பாவின் வேகநடை

அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆனபிறகுதான் இருவருக்கும் உடம்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு போட்டார். சண்டை கிணற்றுத் தண்ணீரால் வந்தது. கரும்புக்கு யார் முதலில் மோட்டார் போடுவது என்று வரப்பில் தொடங்கிய பேச்சு, வீட்டின் நடுவே சுவர் எழும்பும்வரை போயிற்று. தொப்பை மட்டும் பாகப்பிரிவினையில் இருவருக்கும் சரிசமமாகக் கிடைத்திருந்தது.

சோற்றைப் பாதியாக்க வேண்டும், தினமும் வியர்க்க வியர்க்க வேகமாக நடக்க வேண்டும் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் அப்பாவிடம் சொன்னார். பெரியப்பாவும் அதே டாக்டரிடம் போய்வந்தார். எங்கள் ஊரிலிருந்து தியாகதுருகம் போக இருந்ததோ ஒரே சாலை. விடிந்ததும் அப்பா கிளம்புவார். ஆறாம் வகுப்பிலேயே எனக்கும் சதை போட்டுவிட்டது என்பது அம்மாவின் கவலை. அதனால் நானும் போவேன். சற்று நேரத்தில் பின்னாலேயே பெரியப்பா வருவார்.

வேலை ஒன்றும் இல்லாமல் இப்படி விறுவிறுவென்று நடக்கிறவர்களை ஊர் அதுவரை கண்டதில்லை. "இன்னா, பஸ்ஸ வுட்டுட்டீங்களா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அப்பா வேட்டிக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டபோது சிரித்தார்கள். அடுத்த வாரம் பெரியப்பாவும் அதே மாதிரி ஷூவோடு வந்ததும், சிரிப்பை விட்டுவிட்டு யார் முந்துகிறார் என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்பா யாரையும் முந்தவிடுகிற ஆள் இல்லை. பின்னால் ஷூ சத்தம் கேட்டதும் நடையைக் கூட்டுவார். அவர் கூட்டினால் பெரியப்பாவும் கூட்டுவார். நடுவில் நான் ஓட்டமும் நடையுமாக. பெரியப்பா பேசுவதெல்லாம் என்னிடம்தான்.

"மெதுவா நட பாப்பா. மூச்சு வாங்குது பாரு."

"எனக்கு வாங்கலியே பெரிப்பா."

அப்பா திரும்பாமலே, "அப்ப சீக்கிரம் வா" என்பார்.

அம்மா ராத்திரிச் சோற்றை நிறுத்திக் கேழ்வரகுக் களி கிண்டினாள். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு வரும் சாமையைப் பெரியம்மா வாங்கிப் பொங்குகிறாள் என்று கொல்லைப் படல் வழியாகத் தகவல் வந்தது. மறுநாள் எங்கள் அடுப்பிலும் சாமை கொதித்தது. அந்தச் சுவர் பெண்களைக் கேட்டுக் கட்டியதில்லை. அப்பா இன்னொரு உருண்டை களிக்குக் கை நீட்டினால் அம்மா, "அங்க அவரு ஒண்ணோட எழுந்துட்டாராம்" என்பாள். உடனே கையைக் கழுவிவிடுவார்.

இரண்டு தொப்பைகளும் கரைந்தன. மண்டியில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்று பார்த்துவிட்டு, "அவரு என்னவிட ஜாஸ்தியா, கம்மியா?" என்றுதான் அப்பா முதலில் கேட்பார்.

கரும்பு வெட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, பின்னால் ஷூ சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போனேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. துண்டால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பெரிப்பா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. உங்கப்பாவ செத்த நிக்கச் சொல்லு."

அதை அப்படியே போய்ச் சொன்னேன். அப்பா நின்று திரும்பிப் பார்த்தார். தூரத்தில் இருந்ததால் அவருக்கு என்ன தெரிந்ததோ. உதட்டோரம் சிரிப்பு வந்தது. "முடியலன்னா வூட்ல உக்காரச் சொல்லு" என்று பெரியப்பா காதிலும் விழும்படி உரக்கச் சொல்லிவிட்டு நடந்தார். அன்றைப் போல அவர் நடந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "இன்னிக்கி உக்கார வெச்சிட்டேன்" என்றார்.

பெரியப்பாவைக் கரும்பு வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிவந்து வீட்டில் விட்டார். அன்று மாலையே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சில நாட்களில் திரும்பி வந்தார். கட்டிலை விட்டு இறங்கவில்லை. "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க" என்று அம்மா தினமும் சொன்னாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போவார். "நாளைக்கிப் போறேன்" என்று திரும்பிவிடுவார். பொங்கலுக்கு முன்னால் பெரியப்பா இறந்துபோனார்.

அன்றுதான் அப்பா அந்த வீட்டுக்குள் நுழைந்தார். பெரியம்மா அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"நெஞ்சு சரியில்ல, நீ மெதுவா நடந்தா போதும்னு டாக்டரு ஆரம்பத்துலியே சொன்னாரு. கேட்டாரா? மெதுவா போனா தம்பி தூரமா பூடுவான்னு ஓடிக்கினு இருந்தாரு."

அப்பா பெரியப்பாவின் காலடியில் உட்கார்ந்து, பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எடுப்பதற்கு நேரமாகிறது என்று யாரோ வந்து விலக்கும்வரை விடவில்லை.

பெரியம்மா சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்பாவை முந்துகிற வீம்பில் பெரியப்பா டாக்டர் பேச்சைக் கேட்காமல் போய்விட்டார். எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது அப்பா முகம் வாடியிருந்தது. அவரைத் தேற்ற எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"நீதாம்பா ஜெயிச்ச."

அப்பா என் கையை விட்டுவிட்டு எங்கள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, தண்ணீர் கொண்டுவர நான் உள்ளே ஓடினேன்.