சோபாக்காரி போடாத கையெழுத்து

சோபாக்காரிக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று அந்தக் குடியிருப்பில் எல்லாரும் சொல்வார்கள். கொஞ்சமா? நிறையவே அதிகம். முப்பது வருஷமாகக் கிழிந்த சோபாவுக்கு உறை மாற்றிக் கொடுக்கிற பொம்பளை. நாலு ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டே வாடிக்கையாளரோடு சண்டை போடத் தெரிந்தவள். கல்யாணப் பேச்செடுத்தவர்களிடம் இருபது வயதிலேயே "எனக்கு வேண்டாம், போய் உங்க வேலையைப் பாருங்க" என்றாள். ஐம்பத்திரண்டு வயதாகியும் அந்தச் சொல்லை மாற்றவில்லை. அப்பேர்ப்பட்டவள் உயிரையே வைத்திருந்தது துரை மேல்தான். துரை, காது நிமிர்ந்த, முப்பத்தைந்து கிலோ நாய்.

நாய்ப் பயிற்சி மைதானத்துக்காரர்கள் ஒரு நாள் கடைக்கு வந்து, கிழிந்த சணல் கை ஒன்றைத் தைத்துத் தரச் சொன்னார்கள். தோளிலிருந்து விரல் வரை மூடுகிற, தலையணை மாதிரி தடித்த உறை. அதை ஒருவர் மாட்டிக்கொண்டு ஓடுவார், நாய் பாய்ந்து அந்த உறையைக் கவ்வும். "விடு" என்றதும் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் போட்டியில் மார்க் போச்சு. சோபாக்காரிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கடிக்க நாய்க்கு எவனும் சொல்லித்தர வேண்டாம், விடுவதற்குத்தான் பாடம் வேண்டும் என்று அவள் அன்றைக்கே புரிந்துகொண்டாள். அப்போது துரை எட்டு மாசக் குட்டி. மூன்று வருஷமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு மைதானம்.

வம்பு வந்தது மாடிப்படியில். மூன்றாவது மாடி நர்ஸின் பூனை படியில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் துரை, வாரைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு மாடி துரத்தினான். பூனை மீட்டர் பெட்டி மேல் ஏறிக்கொண்டது. மேலிருந்து இவள் போட்ட சத்தத்தில் துரை கீழ்ப்படியிலேயே படுத்துவிட்டான். ஆனால் அவன் படுத்ததை யார் பார்த்தார்கள்? பூனை மேலே, நாய் கீழே, இதைத்தான் கட்டடமே கூடிப் பார்த்தது. நர்ஸ் புகார் எழுதிக் கொடுத்தாள். சங்கத்துச் செயலாளர் இன்சூரன்ஸ் ஆபீஸில் மேனேஜர். அவர் அதற்குக் காது மூக்கு வைத்து, கடிக்கப் பழக்கியதால் நாய்க்கு ரத்தவெறி பிடித்துவிட்டது என்று நோட்டீஸே ஒட்டிவிட்டார். பயிற்சியை நிறுத்துகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நாய் வெளியே போக வேண்டும்.

வீடு அவளுடையதாக இருந்திருந்தால் அந்த நோட்டீஸில் பஜ்ஜி மடித்திருப்பாள். அவள் குடியிருந்தது தம்பிக்குச் சொந்தமான வீடு. எதிர் வீட்டில் குடியிருந்த தம்பிக்குச் சங்கம் என்றாலே பயம்.

"ஒரு கையெழுத்துதானே அக்கா. போட்டுட்டு நைசா மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போ. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

"உன்னோட மல்லுக்கட்ட என்னால ஆகாது. கையெழுத்துப் போடலைன்னா நாயைத் தூக்கி எங்கயாவது குடுத்துடு, இல்ல நீயும் கிளம்பு."

சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொந்தத் தம்பியே இப்படிச் சொன்னது அவளுக்கு வலித்தது. அதைத் தம்பியிடம் காட்டிக்கொள்வாளா என்ன? "வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எல்லாரையும் வண்டி நிறுத்துற இடத்துக்கு வரச் சொல்லு. என் புள்ளையைக் கண்ணால பார்த்துட்டுப் பேசட்டும்" என்றாள்.

மைதானத்துப் பயிற்சியாளர் அவளுக்கு நல்லது நினைத்து ஒரு யோசனை சொன்னார். அன்றைக்குக் காலையில் நாயை இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் களைத்துப்போய்ப் பூனைக்குட்டி மாதிரி படுத்துக் கிடக்கும் என்றார். "ஏமாத்தித்தான் நான் ஜெயிக்கணுமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் கூடினார்கள். வாரைக் கழற்றிக் காட்டினால்தான் நம்புவோம் என்று சங்கமே கேட்டிருந்தது. கழற்றினாள். துரை அவள் முழங்காலை ஒட்டியபடி இருபது பேரின் கால்களுக்கு நடுவே நடந்தான். ஒருத்தரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கூட்டம் லேசாக மூச்சு விட்டது.

அப்போதுதான் செயலாளர் இறங்கி வந்தார். முன்ஜாக்கிரதைப் பேர்வழி. இடது கையில் மூன்று துண்டைச் சுற்றி, மேலே மழைக்கோட்டை முறுக்கிக் கட்டியிருந்தார்.

அட கடவுளே! வெறுங்கையோடு வந்திருந்தால் துரை அவரை மதித்தே இருக்க மாட்டான். தடித்த கையைப் பார்த்ததும் அவனுக்கு மைதானமே எதிரில் வந்து நின்ற மாதிரி ஆகிவிட்டது. வாலைச் சுழற்றிக்கொண்டு ஒரே ஓட்டம். ஆள் ஓடாமல் நின்றால் கவ்வக் கூடாது என்று பழக்கியபடி, அவர் மேல் படாமல் முன்னால் உட்கார்ந்து குரைத்தான்.

"சார், ஓடாதீங்க! கையில இருக்கறதைக் கழட்டித் தூக்கிப் போடுங்க!"

"மாட்டேன்! கழட்டினா கையைக் கடிக்கும்!"

"அட, கை அவனுக்கு எதுக்கு சார்? அந்தத் துண்டுதான் வேணும்!"

நடுங்கிக்கொண்டே உருவி எறிந்தார். துரை மூட்டையைக் கவ்விக்கொண்டு, தலையை நிமிர்த்தி ஊர்வலம் போனான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தம்பிகூடச் சிரித்துவிட்டான். "பாவம், குழந்தை மாதிரி இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னாள்.

அந்தச் சிரிப்புச் சத்தத்தில், கார் மேல் தூங்கிக்கொண்டிருந்த பூனை விழித்துக் குதித்து ஓடியது.

துரையின் வாயிலிருந்து துண்டு விழுந்தது. வால் நின்றது. குரைப்பு இல்லை, ஆட்டம் இல்லை. உடம்பைத் தாழ்த்தி, சத்தமே இல்லாமல் பறந்தான். பூனைக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை.

"படு!"

சரளைக்கல் சிதற, அப்படியே விழுந்தான். உடம்பெல்லாம் உதறியது. கண் பூனையை விடவில்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை. பூனை சுவரேறிப் போய்விட்டது.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று செயலாளருக்கு உயிர் வந்தது. "கொலைவெறி! எல்லாம் அந்தப் பயிற்சி பண்ற வேலை!"

"பார்த்தோம் சார், நல்லாவே பார்த்தோம்" என்றாள் சோபாக்காரி. போய்த் துரையின் கழுத்தில் வாரை மாட்டினாள். "உங்க துண்டைப் புடிச்சது விளையாட்டு. இப்ப ஓடினது வேட்டை. ரெண்டும் வேற வேற. வேட்டை அவன் பொறக்கும்போதே கூடப் பொறந்தது. அதை மைதானத்துல எவனும் சொல்லித்தரலை. சொல்லித்தந்தாலும் போகாது. நாளைக்கும் ஓடுவான். ஓட மாட்டான்னு நான் என்னைக்காவது சொன்னேனா? நான் சொன்னதும் நிக்கிறான் பாருங்க, அது மட்டும்தான் மைதானத்துல வந்தது. அதை நிறுத்தச் சொல்றீங்க!"

செயலாளர் தாளை நீட்டினார். "இந்த வியாக்கியானமெல்லாம் வேண்டாம்மா. போடுறியா, இல்லையா?"

"போட மாட்டேன். நாயையும் அனுப்ப மாட்டேன். அனுப்பறதுன்னா என்னையும் சேர்த்து அனுப்புங்க."

"அக்கா…" என்று தம்பி இழுத்தான்.

"நீ சும்மா இருடா. வீட்டைக் காலி பண்ணச் சொன்னா பண்றேன். பொய்யில கையெழுத்துக் கேக்காத."

நர்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். நிஜத்தைச் சொல்லணும். நீங்க கூப்பிட்டு அவன் நிக்கலைன்னா?"

தம்பி கண்ணாலேயே கெஞ்சினான். சும்மா பயமுறுத்தியிருப்பான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"உன் பூனை செத்திருக்கும்மா" என்றாள் சோபாக்காரி.

நர்ஸ் துரையைப் பார்த்தாள். பிறகு செயலாளர் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்தாள்.

"தினமும் கூட்டிட்டுப் போங்க. ஒரு நாள் மட்டம் போட்டாலும் நான் மறுபடி புகார் எழுதுவேன். மழை பெய்தா என்ன, உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா என்ன, நான் கேக்க மாட்டேன்."

செயலாளர் வாயைத் திறந்தார். புகார் கொடுத்தவளே மாறிவிட்டால் அவர் எதை வைத்துப் பேசுவார்? சோபாக்காரிக்கு ஜென்மத்திலேயே முதல்முறையாகப் பதில் பேச வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.