ஒருத்தரும் சாகேல்லை அண்ணி

போர்க்காலம். நாங்கள் அடம்பன் பக்கம் வயல் செய்துகொண்டிருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவுக்கு விரல் மூட்டெல்லாம் நோ. வெயில் படாத தோலும் கறுத்துக்கொண்டு வந்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். உடம்பில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேருகிற பரம்பரை நோய் என்று முடிவு வந்தது. மாதாமாதம் இரத்தத்தை எடுத்துவிட்டால் சமாளிக்கலாமாம். டொக்டர் அப்பாவையும் என்னையும் இருத்தி விளக்கமாகச் சொன்னார்: "கூடப்பிறந்த ஆக்களுக்கும் இருக்கலாம். ஈரல் பழுதாக முன்னம் சோதிக்க வேணும்."

அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒருவர், வெள்ளாங்குளத்தில் இருந்த பெரியப்பா. வயல் பிரித்த சண்டையில் ஆறு வருடமாகப் பேச்சில்லை. பேச்சில்லாத வீட்டுப் படலையை எங்கள் ஆட்கள் செத்தவீட்டுக்கு மட்டும்தான் திறப்பார்கள்.

"கடிதம் போடுங்கோ அப்பா" என்றேன்.

"என்ர கடிதமெண்டால் அடுப்புக்குள்ள போடுவார்" என்று சைக்கிளை எடுத்தார். வழியில் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் நானும் இன்னொரு சைக்கிளில் பின்னால் போனேன். மூன்று இடத்தில் இறங்கி, விரல்களை நீவிவிட்டு மறுபடி ஏறினார்.

படலையில் எங்களைக் கண்டதும் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, ஆர் மோசம் போனது?" என்று குழறத் தொடங்கிவிட்டார். அயலும் கூடிவிட்டது.

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணி. சாகாமல் இருக்கத்தான் வந்தனான்."

பெரியப்பா கதிரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். அப்பா பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டே, அவருக்குக் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னார். பெரியப்பா தன் விரல் மூட்டைத் தடவிப் பார்த்ததை நான் கண்டேன். ஆனாலும், "டொக்டர் எழுதித் தந்த துண்டை வைச்சிட்டுப் போகச் சொல்லு" என்றுதான் வாயில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பும்போது அப்பா சொன்னார்: "கோவிக்கிறதெண்டால் உயிரோடை இருந்து கோவிக்கட்டும், பிள்ளை."

அடுத்த கிளினிக் நாள், பாஸ் எடுத்து, சோதனைச் சாவடி தாண்டிப் போனால், ஆஸ்பத்திரி வாங்கில் இருக்கிறார் பெரியப்பா! இரத்தம் எடுக்கிற மிஸ்ஸி அப்பாவின் பெயரைக் கூப்பிட, பெரியப்பா எழுந்து போய்க் கையை நீட்டினார். "முதல் எனக்குக் குத்துங்கோ மிஸ்ஸி. நான்தான் மூத்தவன்."

அப்பாவைவிடப் பெரியப்பாவுக்குத்தான் இரும்பு கூட. நல்லகாலம், ஈரல் கெட்டிருக்கவில்லை. அதன்பிறகு இரத்தம் எடுக்க இருவரும் ஒன்றாகவே போனார்கள், வழிநெடுக வயல் சண்டை பிடித்துக்கொண்டு.

நோகிற விரலால் அந்தப் படலையைத் திறந்தவரின் மகள் நான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.